நெல்சன் - டாஸ்மான் வட்டாரத்தில் அயல்குளவிக் கட்டுப்பாடு

நியூசிலாந்தின் தென் தீவில், வட முனையை ஒட்டி நெல்சன் நகரமும் டாஸ்மான் மாவட்டமும் அமைந்துள்ளன. ஐரோப்பாவிலிருந்து வந்து இங்கே பெருகிவிட்ட இரண்டு குளவி இனங்களை ஒடுக்க, அரசுத் துறையினரும் பூச்சியியல் ஆய்வாளர்களும் ஊர்மக்களும் சேர்ந்து ஆண்டுதோறும் பாடுபடுகிறார்கள். அவற்றுள் ஒன்று ஜெர்மன் குளவி; வெஸ்புலா ஜெர்மானிக்கா என்பது அதன் அறிவியல் பெயர். மற்றொன்று பொதுக்குளவி எனப்படும் வெஸ்புலா வல்காரிஸ். தென் தீவின் வடபகுதிக் காடுகளில் பதிவான அளவுக்கு இக்குளவிகள் உலகில் வேறெங்கும் நெருங்கி வாழ்வதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு கூடாகத் தேடி அழித்த காலம் போய், குளவியே நஞ்சைச் சுமந்து கூட்டுக்குக் கொண்டுபோகும் நச்சு உணவு முறை இப்போது நிலைபெற்றிருக்கிறது. ஒருவர் தம் தோட்டத்தில் மட்டும் குளவியை ஒழித்துப் பயனில்லை. வட்டாரமே ஒன்றுகூடி, ஏற்ற வாரத்தில், ஒரே மூச்சில் செய்தால்தான் பலன் கிடைக்கும் என்பது இங்கு பல ஆண்டுப் பட்டறிவில் தெளிவான உண்மை.

வருகையும் பரவலும்

நியூசிலாந்துக்கென்று கூட்டமாக வாழும் குளவி இனம் எதுவும் இருந்ததில்லை. அந்நாட்டின் சொந்தத் தேனீக்களும் தனித்து வாழ்பவையே. ஆகவே, ஆயிரக்கணக்கில் திரண்டு வந்து இரைதேடும் பூச்சியை எதிர்கொள்ளும் பழக்கம் அங்குள்ள செடிகொடிகளுக்கோ புழு பூச்சிகளுக்கோ பறவைகளுக்கோ இல்லை.

ஜெர்மன் குளவி 1945 ஆம் ஆண்டில் வட தீவின் ஹாமில்டன் நகரருகே தென்பட்டது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் ஐரோப்பாவிலிருந்து வந்த விமான உதிரிப் பாகப் பெட்டிகளுக்குள், குளிர்கால உறக்கத்தில் இருந்த ராணிக் குளவிகள் ஒளிந்து வந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. அடுத்த சில ஆண்டுகளில் அது வட தீவு முழுவதும் பரவி, தென் தீவையும் எட்டியது. பொதுக்குளவி நிலைகொண்டுவிட்டது என்பது 1983 இல் டனீடின் நகரில் உறுதியாயிற்று. 1978 இலேயே வெலிங்டனில் பிடிபட்ட சில குளவிகள் இந்த இனத்தைச் சேர்ந்தவை என்று பின்னர் தெரிந்தது. பிந்தி வந்த இது, பீச் மரக் காடுகளில் முந்தி வந்த ஜெர்மன் குளவியைச் சில ஆண்டுகளிலேயே விரட்டிவிட்டு அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

மஞ்சளும் கறுப்புமான இவ்விரு இனங்களும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். ஜெர்மன் குளவியின் வயிற்றுப் பகுதியிலுள்ள கறுப்புப் புள்ளிகள் பெரும்பாலும் தனித்தனியே நிற்கும். பொதுக்குளவியிடம் அவை பட்டைகளோடு ஒட்டிக் கிடக்கும். கட்டுப்படுத்தும் முறை இரண்டுக்கும் ஒன்றே.

வாழ்க்கைச் சுழற்சி

தென் அரைக்கோளத்தில் வசந்தம் செப்டம்பரில் பிறக்கிறது. மரப்பட்டைக்கு அடியிலும் விறகுக் குவியலிலும் ஒடுங்கிக் கிடந்த ராணி அப்போது வெளியே வருகிறது. எலி வளையையோ வேரடிப் பொந்தையோ தேர்ந்துகொள்கிறது. காய்ந்த மரத்தின் மேற்பரப்பைச் சுரண்டி, மென்று, எச்சிலில் குழைத்துக் காகிதம் போன்ற மெல்லிய ஏடாக்கி, அதைக்கொண்டு முதல் அறைகளைக் கட்டுகிறது. முதலில் பொரிக்கும் புழுக்களுக்கு ராணியே இரை தேடிவந்து ஊட்டும். அவை வேலைக்காரக் குளவிகளாக வளர்ந்தபின் ராணி வெளியே போவதில்லை, முட்டையிடுவதோடு சரி.

டிசம்பரிலும் ஜனவரியிலும் கூடு விரைந்து பெரிதாகிறது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் குளவிகளின் எண்ணிக்கை உச்சத்தைத் தொடும். பெரிய கூடு ஒன்றில் சில ஆயிரம் வேலைக்காரக் குளவிகள் இருக்கும். இலையுதிர் காலத்தில் புதிய ராணிகளும் ஆண்களும் பிறந்து, கூடி, கலைகின்றன. பழைய கூடு குளிரில் மடிந்துவிடும். கருவுற்ற புதிய ராணிகள் மட்டும் ஒளிவிடம் தேடிப் போகும். ஐரோப்பாவின் கடுங்குளிர் நியூசிலாந்தில் இல்லாததால், ஜெர்மன் குளவியின் சில கூடுகள் குளிர்காலத்தையும் தாண்டி வளர்வதுண்டு. 1963 இல் ஆக்லாந்துக்கு அருகே வைமாவுக்கு என்ற இடத்துப் பண்ணையில் கண்டெடுத்த கூடு 3.7 மீட்டர் நீளம் இருந்தது. அது தன் எடை தாங்காமல் மரத்திலிருந்து விழுந்து இரண்டாகப் பிளந்து கிடந்தது.

நச்சு உணவு முறைக்கு அடிப்படையான செய்தி ஒன்று இச்சுழற்சியில் உண்டு. வளர்ந்த குளவிக்குப் பறக்கத் தெம்பு தருவது இனிப்பு. வளரும் புழுவுக்கு வேண்டியது புரதம். அதனால் வேலைக்காரக் குளவி இறைச்சித் துணுக்கையோ பூச்சியையோ தான் தின்னாமல் கூட்டுக்குச் சுமந்துபோய்ப் புழுவுக்கு ஊட்டுகிறது. புழுவும் பதிலுக்கு இனிப்பு நீரைச் சுரந்து கொடுக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலில், உள்ளே போகும் எதுவும் சில மணி நேரத்தில் கூடு முழுவதும் பரவிவிடும்.

தேன்துளிக் காடும் அதன் இழப்பும்

தென் தீவின் வடபகுதியில் ஏறத்தாழ 10 லட்சம் ஹெக்டேர் பரப்பில் பீச் மரக் காடுகள் தேன்துளியால் செழித்தவை. இம்மரங்களின் பட்டைக்குள் அந்நாட்டுக்கே உரிய ஒருவகைச் செதில் பூச்சி புதைந்திருந்து சாற்றை உறிஞ்சுகிறது. மிஞ்சிய சர்க்கரை நீரை, தலைமுடி போன்ற மெல்லிய மெழுகுக் குழல் வழியாக வெளியேற்றுகிறது. மரத்தருகே நின்று வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால், பட்டையெங்கும் வெண்மையான இழைகள் நீட்டிக்கொண்டிருப்பதும், ஒவ்வொன்றின் நுனியிலும் தெளிந்த இனிப்புத் துளி ஒன்று நிற்பதும் தெரியும். சிந்திய துளிகளில் கரும்பூசணம் படர்வதால் அடிமரம் கரிபூசியது போலக் கறுத்திருக்கும். மாமரத்தில் தத்துப்பூச்சி தாக்கிய இலைகளில் படியும் கருமையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

இந்தத் துளிதான் அக்காட்டின் சோறு. தூயிப் பறவை, மணிக்குருவி எனப்படும் கொரிமாக்கோ, காகா என்னும் காட்டுக் கிளி, பல்லிகள், எண்ணற்ற பூச்சிகள் எல்லாம் இதை நம்பியே வாழ்ந்தன. குளவி வந்தபின், ஆண்டுக்கு நான்கைந்து மாதங்கள் தேன்துளியில் 90 விழுக்காட்டுக்கு மேல் அதன் வாய்க்கே போகிறது. குளவி உச்சத்திலிருக்கும் மாதங்களில் காகா கிளிகள் தேன்துளியைத் தேடுவதையே கைவிடுகின்றன என்பதை ஜாக்குலின் பெக்ஸ் முதலிய ஆய்வாளர்கள் களத்தில் பதிவுசெய்துள்ளனர்.

இக்காடுகளில் சராசரியாக ஹெக்டேருக்கு 12 கூடுகள் எண்ணப்பட்டன. உச்சக் காலத்தில் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 10,000 குளவிகள் இருக்கும். அவற்றின் மொத்த எடை, அதே நிலத்திலுள்ள பறவைகள், எலிகள், மரநாய் இன வேட்டையாடிகள் ஆகியவற்றின் கூட்டு எடைக்கு ஈடாகவோ அதற்கு மேலாகவோ இருந்ததாக மதிப்பிடப்பட்டது.

தேன்துளியைப் பறிப்பது பாதி இழப்புதான். புரதத்துக்காகக் குளவி கம்பளிப்புழு, சிலந்தி, ஈ எனக் கண்ணில் பட்டதையெல்லாம் வேட்டையாடுகிறது. குளவி மிகுந்த வாரங்களில் திறந்த வெளியில் வைத்த கம்பளிப்புழுவோ வலைபின்னும் சிலந்தியோ அப்பருவத்தின் இறுதிவரை பிழைத்திருக்க வாய்ப்பே இல்லை என்று சோதனைகள் காட்டின. கூட்டிலுள்ள பறவைக் குஞ்சுகளைக் குளவிகள் கொன்றதும் பதிவாகியுள்ளது. பல்லாயிரம் ஆண்டுகளாகத் தழைத்த ஒரு வாழ்வுப் பின்னல், நாற்பது ஆண்டுகளுக்குள் இப்படி அறுந்துபோவது எவருக்கும் வேதனை தருவதே.

மக்களுக்கும் தொழிலுக்கும் நேரும் கேடு

அயல்குளவிகளால் நியூசிலாந்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 13 கோடி நியூசிலாந்து டாலர் இழப்பு என்று 2015 இல் வெளியான பொருளியல் மதிப்பீடு கூறியது. இதில் பெரும்பங்கு, 6 கோடிக்கு மேல், மேய்ச்சல் நிலங்களைச் சேர்ந்தது. தேனீக்கள் குறைந்தால் குளோவர் என்னும் பயறுவகைத் தீவனச் செடியில் மகரந்தச் சேர்க்கை குறையும். குளோவர் குறைந்தால் மண்ணுக்குத் தழைச்சத்து குறையும். அதை உரமாக விலைக்கு வாங்கிப் போட வேண்டியிருக்கும். குளவி இல்லாவிட்டால் காட்டுத் தேன்துளியிலிருந்து தேனீ வளர்ப்போர் எடுத்திருக்கக்கூடிய தேனின் மதிப்பு 2 கோடிக்கு மேல். குளவிகள் தேன்பெட்டிக்குள் புகுந்து தேனைக் கொள்ளையிட்டு, தேனீக்களைக் கொன்று, பெட்டியையே அழிப்பதால் வரும் இழப்பு 90 லட்சத்துக்கு அருகில். இலையுதிர் காலத்தில் தேனீ வளர்ப்போர் பெட்டி வாசலை ஓரிரு தேனீ மட்டும் நுழையுமளவுக்குச் சுருக்கிவைப்பது இதனால்தான்.

தேனீயின் கொடுக்கு கொட்டிய இடத்திலேயே தங்கிவிடும். குளவியின் கொடுக்கு அப்படித் தங்குவதில்லை. ஒரே குளவி திரும்பத் திரும்பக் கொட்டும். நிலத்தடிக் கூட்டைத் தெரியாமல் மிதித்துவிட்டால் நூற்றுக்கணக்கில் வெளியே பாயும். மலையேறுவோர், வன ஊழியர், பள்ளிச் சிறுவர், மோப்ப நாய்கள் என யாரும் இதற்கு விலக்கல்ல. ஒவ்வாமை உள்ளவருக்கு மூச்சு முட்டல், முகவீக்கம், மயக்கம் தோன்றினால் உடனே அட்ரினலின் ஊசியும் அவசர மருத்துவமும் தேவை.

பழைய முயற்சிகள்

1948 இல் ராணிக் குளவிகளைப் பிடித்துத் தருவோருக்கு அரசு சன்மானம் அறிவித்தது. மூன்று மாதங்களில் 1,18,000 ராணிகள் வந்து குவிந்தன. ஆனால், அடுத்த கோடையில் குளவி குறைந்ததாகத் தெரியவில்லை. இதன் காரணம் எளிது. ஒரு பெரிய கூட்டிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ராணிகள் வெளியேறுகின்றன. வசந்தத்தில் பொந்துகளுக்காக அவை தமக்குள் சண்டையிட்டே பெரும்பாலும் மடிகின்றன. மனிதர் கொன்ற ராணியின் இடத்தை, போட்டியில் தோற்றுச் சாகவிருந்த மற்றொரு ராணி எடுத்துக்கொண்டது.

1980-களில், குளவிப் புழுவை உண்டு வாழும் ஸ்ஃபெக்கோஃபேகா என்னும் ஒட்டுண்ணிப் பூச்சி வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு விடப்பட்டது. அது ஒரு சில இடங்களில் மட்டும் நிலைத்தது. பெரிய பலன் தரவில்லை. மத்தி மீனில் நஞ்சு கலந்து வைக்கும் சோதனைகளும் அதே காலகட்டத்தில் நடந்தன. முதலில் 1080 எனப்படும் சோடியம் ஃபுளூரோஅசிட்டேட், பிறகு சல்ஃபுளூரமிட், அதன்பின் ஃபிப்ரோனில் என நஞ்சுகள் மாறின. சிறு பரப்பில் குளவியைக் குறைக்க முடியும் என்பது இவற்றால் தெளிவாயிற்று. ஆனால், மிக எளிதில் இரையாகும் கம்பளிப்புழுக்கள் பிழைக்க வேண்டுமானால் குளவியைப் பாதியாகக் குறைத்துப் போதாது; 80, 90 விழுக்காடாவது குறைக்க வேண்டும் என்பதும் கூடவே புலப்பட்டது.

நச்சு உணவு முறை

நெல்சனைச் சேர்ந்த பூச்சியியலாளர் ரிச்சர்டு டாஃப்ட், நாட்டின் இயற்கைப் பாதுகாப்புத் துறையோடு இணைந்து பல்லாண்டு உழைத்ததன் பயனாக வெஸ்பெக்ஸ் என்னும் நச்சு உணவு உருவாயிற்று. புரதப் பசையில் 0.1 விழுக்காடு ஃபிப்ரோனில் கலந்தது அது. நெல், மிளகாய்ப் பயிர்களுக்குத் தெளிக்கும் பூச்சிக்கொல்லியாகத் தமிழக உழவர் அறிந்த அதே ஃபிப்ரோனில்தான். 2015 கோடையில் இயற்கைப் பாதுகாப்புத் துறை ஐந்து இடங்களில் இதைச் சோதித்தபோது, குளவி நடமாட்டம் 95 விழுக்காட்டுக்கு மேல் வீழ்ந்தது. அந்த ஆண்டே அது பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது.

மஞ்சள் நிறச் சிறு பெட்டிகளை மரங்களில் ஆணியடித்துப் பொருத்துகிறார்கள். பாதையோரமாகவோ மலைமுகட்டு வழியாகவோ 50 மீட்டருக்கு ஒன்றாகப் பெட்டிகள் வரிசையாக அமையும். வேலைக்காரக் குளவி இரைதேடிச் சில நூறு மீட்டர் பறப்பதால், ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் 300 முதல் 400 மீட்டர் வரை இடைவெளி விடலாம். ஒவ்வொரு பெட்டியிலும் சில தேக்கரண்டி அளவே உணவு வைக்கப்படும். குளவி அதைத் துணுக்குகளாக வெட்டி எடுத்துப் போகும். புழு, வேலைக்காரி, ராணி என்று கூட்டிலுள்ள அத்தனையும் மடியும். கூடு எங்கே இருக்கிறது என்று எவரும் தேட வேண்டியதில்லை. எட்டமுடியாத பள்ளத்தாக்கிலுள்ள கூடும் அழிகிறது.

இனிப்பு சேர்க்காததால் தேனீக்கள் இதை நாடுவதில்லை. முறை வெற்றிபெறுவது குளவிகள் புரதம் தேடும் பருவத்தில்தான். இங்கு அது பெரும்பாலும் ஜனவரி இறுதி முதல் மார்ச் வரை. ஆகவே நஞ்சை வைக்குமுன் நஞ்சில்லாத உணவைக்கொண்டு ஒரு சோதனை கட்டாயம் செய்ய வேண்டும். மீன் கலந்த பூனை உணவைப் பத்து இடங்களில் சிறிது சிறிதாக வைத்து, ஒரு மணி நேரம் கழித்துச் சென்று எண்ணிப் பார்ப்பார்கள். இடத்துக்கு ஒரு குளவி வீதமாவது வந்து வெட்டிக்கொண்டிருந்தால் பருவம் ஏற்றது. இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு முன்கூட்டியே வைத்தால் உணவு காய்ந்து வீணாகும். புதிய ராணிகள் வெளியேறியபின் வைத்தால் அடுத்த ஆண்டுக்கான விதை ஏற்கெனவே தூவப்பட்டிருக்கும்.

ஊர்கூடிச் செய்யும் பணி

ரோட்டோயிட்டி ஏரிக்கரையில் செயின்ட் ஆர்னாடு என்ற சிற்றூர் உள்ளது. நெல்சன் ஏரிகள் தேசியப் பூங்காவின் வாசல் அது. 1997 இல் இயற்கைப் பாதுகாப்புத் துறை அங்கு ரோட்டோயிட்டி இயற்கை மீட்புத் திட்டத்தைத் தொடங்கியது. எலி, மரநாய் இன வேட்டையாடிகளோடு குளவியையும் அடக்க வேண்டிய எதிரியாக அத்திட்டம் எடுத்துக்கொண்டது. அதற்குத் துணையாக ரோட்டோயிட்டி நண்பர்கள் என்ற தன்னார்வக் குழு உருவாகி, பூங்காவைச் சுற்றியுள்ள நிலங்களில் பொறிகளைப் பார்வையிடுவதையும் குளவிக்கு உணவு வைப்பதையும் தன் பொறுப்பாக்கிக்கொண்டது.

2010-களின் பிற்பகுதியில் நெல்சன் மெயில் செய்தித்தாள், இயற்கைப் பாதுகாப்புத் துறை, டாஸ்மான் சுற்றுச்சூழல் அறக்கட்டளை ஆகியவை சேர்ந்து குளவித் துடைப்பு இயக்கத்தை நடத்தின. பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி, அதைக்கொண்டு மலைப்பாதைகளிலும் பூங்காக்களிலும் பெட்டிகள் அமைக்கப்பட்டன. ஏபெல் டாஸ்மான் தேசியப் பூங்காவில் புராஜெக்ட் ஜான்சூன் அறக்கட்டளையும் குளவிக் கட்டுப்பாட்டைத் தன் பணிகளில் ஒன்றாக ஏற்றது.

தெருவார், பண்ணைக்காரர், தேனீ வளர்ப்போர், தோட்டக்காரர், மிதிவண்டிக் குழுவினர் எனப் பலரும் இதில் இறங்குவதற்குக் காரணம் இருக்கிறது. குளவிக்கு வேலி தெரியாது. ஒரு பண்ணையில் உணவு வைத்துப் பக்கத்துப் பண்ணையை விட்டுவிட்டால், அங்கிருந்து வரும் குளவிகள் சில நாட்களில் வெற்றிடத்தை நிரப்பும். எல்லோரும் ஒரே வாரத்தில் வைத்தால் அந்தக் கோடை முழுவதும் அமைதி. வெஸ்பெக்ஸ் வாங்குவோர் முதலில் பயன்பாட்டு முறையைப் படித்து, இணையவழித் தேர்வில் தேறி, ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். ஆகவே ஊருக்கு ஓரிருவர் தேர்ச்சி பெற்று, மற்றவர்கள் பெட்டி பொருத்துவது, வரிசை நடப்பது, மிச்சம் அகற்றுவது என்று வேலையைப் பகிர்ந்துகொள்வது வழக்கம்.

வீட்டருகே கூடு இருந்தால்

குடியிருப்புக்குள் ஒரே ஒரு கூடு தொல்லை தரும்போது நேரடியாக அதையே அழிப்பது எளிது. வெயில் சாய்ந்த வேளையில், சூரியனை நோக்கி நின்று வேலியோரத்தையும் மேட்டையும் உற்றுப் பார்க்க வேண்டும். ஒரே புள்ளியை நோக்கிக் குளவிகள் கோடு பிடித்தாற்போல் போய்வருவது தெரிந்தால் கூடு அங்கேதான். இருட்டத் தொடங்கி, குளவிகள் அடங்கியபின், முழுக்கை உடையும் முகவலையும் அணிந்து, குளவிக்கென்று விற்கும் பூச்சிக்கொல்லித் தூளை வாசலில் தூவினால் போதும். காலையில் போய்வரும் குளவிகள் தூளை உடம்பில் ஏற்றி உள்ளே கொண்டுசெல்லும். துளையை அடைப்பது தவறு. வேறு வழியாகத் துளைத்து வெளியேறும். பெட்ரோல் ஊற்றுவது மண்ணையும் கெடுத்து, ஊற்றுபவர் உயிருக்கும் உலை வைக்கும். ஒவ்வாமை உள்ளவர்கள் இவ்வேலையில் இறங்கவே கூடாது.

வரம்புகள்

ஃபிப்ரோனில் தேனீக்கும் நீர்வாழ் உயிரினங்களுக்கும் கொடிய நஞ்சு. அதனால் உணவை நீர்நிலையிலிருந்து விலக்கி வைப்பதும், சில நாட்களில் மிச்சத்தைப் பெட்டியிலிருந்து திரும்ப எடுத்து முறைப்படி அழிப்பதும் விதி. வெறும் தட்டில் திறந்து வைப்பது நாய்க்கும் கோழிக்கும் ஆபத்து.

தொங்கும் சிறு கூடு கட்டும் காகிதக் குளவிகளிடம் இம்முறை செல்லாது. 1979 இல் வந்த ஆசியக் காகிதக் குளவியும், 2011 இல் நெல்சனிலேயே கண்டறியப்பட்ட ஐரோப்பியக் காகிதக் குளவியும் உயிருள்ள இரையை மட்டுமே பிடிப்பவை. பெட்டியில் வைத்த பசையைத் தொடாது.

எல்லாவற்றுக்கும் மேலான வரம்பு, பலன் ஒரு பருவத்துக்கே என்பது. உணவு வைக்காத காட்டிலிருந்து பறந்துவரும் ராணிகள் அடுத்த வசந்தத்தில் புதுக் கூடு கட்டும். பணமும் ஆளும் ஆண்டுதோறும் வேண்டும். 10 லட்சம் ஹெக்டேர் மலைக்காட்டில் மனிதர் நடந்து உணவு வைக்கக்கூடிய பகுதி சிறிதே.

உயிரியல் கட்டுப்பாடும் ஆய்வும்

எனவே, தானே பரவித் தானே வேலைசெய்யும் எதிரியைத் தேடும் முயற்சி தொடர்கிறது. டாஸ்மான் மாவட்ட மன்றம் விண்ணப்பதாரராக முன்வர, மனாக்கி ஃபெனுவா ஆய்வு நிறுவனம் அறிவியல் பணியை ஏற்க, இரண்டு ஐரோப்பியப் பூச்சிகளை விடுவதற்குச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையம் ஒப்புதல் தந்தது. ஒன்று வொலுசெல்லா இனானிஸ் என்னும் பூ ஈ. மற்றொன்று மெட்டோயெக்கஸ் பாரடாக்சஸ் என்னும் வண்டு. இரண்டின் புழுக்களும் குளவிக் கூட்டுக்குள் புகுந்து குளவிப் புழுவைத் தின்று வளர்பவை. ஐரோப்பாவில் குளவியோடு சேர்ந்தே வாழும் இவை, நியூசிலாந்துக்குக் குளவி வந்தபோது கூட வராமல் போயின. வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் பில் லெஸ்டர் தலைமையிலான குழு, குளவியின் மரபணுக்களை ஆராய்ந்து இனப்பெருக்கத்தைத் தடுக்கும் வழிகளைத் தேடிவருகிறது.

இவை பலன்தர எத்தனை ஆண்டுகள் ஆனாலும், அதுவரை காட்டின் புழு பூச்சிகளும் பறவைகளும் காத்திருக்க முடியாது. உணவு வைத்த காடுகளில் அந்தக் கோடையிலேயே தேன்துளி மரங்களில் மிஞ்சுகிறது. கம்பளிப்புழுவும் சிலந்தியும் பிழைக்கின்றன. பிப்ரவரியில் ஊரார் ஒன்றாக வரிசை நடந்தால் ஒரு பருவத்தைக் காப்பாற்றலாம். நடக்காத ஆண்டில் அந்தப் பருவம் குளவிக்கே போய்விடும். இப்பணியை விடாமல் தொடர்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.